பேத்தியின் டாலரும் தொலைந்த புள்ளியும்

சென்ற மாதம் நம் சங்க ஆண்டு விழாவில், சாப்பாட்டுப் பந்தியில், என் பேத்தி பொன்னியின் கழுத்தில் கிடந்த சின்ன டாலரைப் பார்த்து நாலைந்து பேர் விசாரித்தார்கள். "தமிழில் பெயர் போட்டு எங்கே சார் செய்தீர்கள்? இத்வாரி சராஃபாவிலா?" என்று கேட்டார்கள். ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து வரவழைத்தது என்றேன். அவ்வளவுதான், ஆளுக்கொரு கதை வெளியே வந்தது. ஒருவருக்கு மோதிரம் சின்னதாக வந்ததாம். இன்னொருவருக்கு மகள் பெயரில் ஓர் எழுத்து அதிகமாம். ஓர் அம்மாள் வாங்கிய செயின் மூன்றே மாதத்தில் கறுத்துவிட்டதாம். பக்கத்தில் பாயசத்தோடு உட்கார்ந்திருந்த நம் ஆசிரியர், "இதையே எழுதிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார்.

நான் நகை வியாபாரி அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாகச் சேர்ந்து, வேலைக்காலம் முழுவதும் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தே ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் ஒருமுறை ஏமாந்து, மறுமுறை தேறினேன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

பெயர் வெட்டிய காலம்

பெயர் பொறிப்பது நமக்குப் புதிதல்ல. என் அப்பா திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். போனஸ் வந்தால் அம்மா எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போவாள். கடைக்காரர் முதலில் கேட்பது, "பெயர் வெட்டணுமாம்மா?" என்பதுதான். கையில் ஒரு சின்ன மெஷின், கிர்ரென்று சத்தம், இரண்டே நிமிடத்தில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் பாத்திரத்தில் ஏறிவிடும். அந்தக் குடம் இன்றும் என் நாக்பூர் வீட்டில் இருக்கிறது. நகை என்றால் ஆசாரி வீட்டுக்கே போய், அளவு கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கிவருவோம். எழுத்து தப்பினால் அங்கேயே சொல்லலாம். அவருக்கும் தமிழ் தெரியும், நமக்கும் தெரியும்.

இன்று ஆர்டர் கொடுப்பவர் ஓர் ஊரில், எழுத்தை வெட்டுபவர் வேறோர் ஊரில். வெட்டுபவருக்குத் தமிழ் ஒரு சித்திரம் மாதிரிதான். தொல்லையெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

முதல் டாலர்

என் மகள் புனேயில் இருக்கிறாள். அவளுக்குப் பெண் பிறந்தது 2016-இல், ஆடிப்பெருக்கையொட்டி. காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்த என் மனைவி, "ஆடிப் பதினெட்டுக்கு வந்தவள், பொன்னி என்றே வையுங்கள்" என்றாள். மாப்பிள்ளையும் சரியென்றார். 2022-இல் என் மனைவி காலமானாள். அவள் விட்டுப்போன சொத்து என்று அந்தப் பெயரைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2024 ஆடியில் குழந்தைக்கு எட்டு வயது நிறைந்தது. தமிழில் அவள் பெயர் போட்ட டாலர் ஒன்று கொடுக்க ஆசைப்பட்டேன். செல்போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "உங்கள் மொழியில் உங்கள் பெயர்", 18 கேரட், விலை 1,899 ரூபாய். பெயரைத் தட்டினேன், பணம் கட்டினேன். இரண்டு வாரத்தில் பெட்டி புனேக்கே வந்தது. நானும் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன்.

பிரித்துப் பார்த்தால், முதலில் 'ப' நிற்கிறது. அதற்கு முன்னால் இருக்கவேண்டிய ஒற்றைக் கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கிறது. அடுத்து துணைக்கால், ஒரு 'ன', ஒரு 'னி'. புள்ளியைக் காணவே காணோம். எந்தத் தமிழ் வாத்தியாராலும் அதைப் படிக்க முடியாது. மகள் விளம்பரத்தை மறுபடி பார்த்துவிட்டு, "அப்பா, 18 கேரட் என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கோல்டு பிளேட்டட் என்று இருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்றாள். நம்மூரில் கவரிங் என்போமே, அதற்கு வைத்த புதுப்பெயர்தான்.

ஆனால் குழந்தைக்குக் கொள்ளை சந்தோஷம். கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். மறுநாள் காலையில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "தாத்தா, என் பேரைத் தமிழ்ல எழுதிட்டேன்!" டாலரைப் பார்த்து அப்படியே வரைந்திருந்தாள். கொம்பு பின்னால், புள்ளி இல்லாமல். ஒரு பக்கம் முழுக்க இருபது தடவை.

கவரிங் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த நோட்டைப் பார்த்தபோது மனசு கஷ்டப்பட்டது. தன் பெயரைத் தமிழில் அவள் முதன்முதலாகப் பார்த்ததே அந்த டாலரில்தான். நாங்கள் யாருமே அதுவரை எழுதிக் காட்டியிருக்கவில்லை.

புள்ளிக்கு உட்கார இடம் வேண்டும்

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தேன். இரண்டு காரணங்கள்.

முதலாவது கணினி. 'பொ' என்பதை நாம் கொம்பு, ப, துணைக்கால் என்று மூன்றாக எழுதுகிறோம். கணினி அதை 'ப'வும் அதைத் தொடரும் உயிர்க்குறியுமாகத்தான் சேமித்து வைக்கிறது. எழுதிக்காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்துரு மென்பொருளின் வேலை. நகை வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளுக்கு அந்த ஞானம் இல்லாவிட்டால், கொம்பு இடம் மாறி நின்றுவிடும். செ, சே, சை, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இரண்டாவது உலோகம். ஆங்கிலப் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதினால் ஒரே கம்பியாக ஓடும். இந்தி, மராத்தி எழுத்துகளைத் தலைக்கோடு ஒன்றாகக் கட்டிவைக்கும். தமிழ் எழுத்துகளோ தனித்தனியே நிற்பவை. 'பொன்னி'யைத் தகட்டில் வெட்டினால் கொம்பு, ப, கால், ன, புள்ளி, னி என்று ஆறு துண்டுகள் உதிரும். ஆகவே அடியில் ஒரு கம்பி ஓடவிட்டு, அதன்மேல் எழுத்துகளைப் பற்றவைக்கிறார்கள். அந்தரத்தில் நிற்கும் புள்ளிக்கு உட்கார இடமில்லை. அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. வெட்டு எழுத்துதான் வேண்டுமென்றால், புள்ளியை ஒரு மெல்லிய காம்பினால் எழுத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வட்டமாகவோ முட்டை வடிவமாகவோ ஒரு தகடு செய்து, அதன்மேல் பெயரைப் பொறிக்கச் சொல்லலாம். தகட்டில் புள்ளி பத்திரமாக இருக்கும். ஓரங்கள் சட்டையிலும் தலைமுடியிலும் மாட்டாது. குழந்தைகளுக்குத் தகடுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

"பெயர் பொறித்ததை வாங்க மாட்டோம்"

கம்பெனிக்குப் போன் செய்தேன். "பெயர் பொறித்த நகை திரும்பப் பெறப்படாது சார், விதிமுறையில் இருக்கிறது" என்றார்கள். நமக்கு மனசு மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுத்தால் அந்த விதி நியாயம்தான். அந்தப் பெயரை வேறு யாருக்கு விற்பார்கள்? ஆனால் நாம் எழுதிக் கொடுத்தது ஒன்று, அவர்கள் செய்து அனுப்பியது வேறொன்று என்றால் கதை வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

நான் தட்டிய பெயர் ஆர்டர் ரசீதில் சரியாகவே இருந்தது. அதையும் டாலரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதன்பிறகு கம்பெனியே கூப்பிட்டு, டாலரைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகச் சொன்னது. அப்படியும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட முடியும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஒரு சிக்கல். பொன்னி டாலரைத் தர மறுத்துவிட்டாள். "இது பாட்டி வெச்ச பேரு. நான் தர மாட்டேன்" என்று கையால் பொத்திக்கொண்டாள். அதில் இருப்பது பாட்டி வைத்த பெயரே இல்லை என்று எட்டு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். "நீயே உன் பேரை சரியா எழுதக் கத்துக்கோ. நீ எழுதினதையே நகைக்காரருக்கு அனுப்பி, அதே மாதிரி டாலர் செய்யச் சொல்றேன்" என்றேன். நான் நாக்பூர் திரும்பியபின் தினமும் இரவு எட்டு மணிக்கு செல்போன் வீடியோவில் பாடம். ஒற்றைக் கொம்பு, ப, துணைக்கால், பொ. ன-வுக்கு மேலே புள்ளி வைத்தால் ன். பன்னிரண்டாம் நாள் தானாகவே எழுதிக் காட்டினாள். 'ப' கொஞ்சம் சாய்ந்திருந்தது. புள்ளி பெரிதாக, உருண்டையாக இருந்தது. பழைய டாலரைத் தன் கையாலேயே கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாளாம்.

இரண்டாம் முறை

இந்த முறை ரயில்வே புத்தியோடு இறங்கினேன். வரைபடத்தில் கையெழுத்தாகாமல் எங்கள் வேலையில் ஒரு போல்ட்கூட வாங்க மாட்டோம். நகைக்கும் அதுவே சட்டம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்று, பெயரைத் தட்டெழுத்தாக அனுப்பவில்லை; படமாக அனுப்பினேன். குழந்தை வெள்ளைத்தாளில் கறுப்புப் பேனாவால் எழுதியதைப் படமெடுத்து அனுப்பி, "இதை அப்படியே பொறிக்கவும், புள்ளியை எடுக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். செய்வதற்கு முன் மாதிரிப் படம் அனுப்ப வேண்டும், நான் சம்மதம் சொன்னபிறகே வெட்ட வேண்டும் என்று கேட்டேன். மாதிரி அனுப்ப மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். மாதிரியை வீட்டில் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதில் ஒருவராவது தமிழ் நன்றாகப் படிப்பவராக இருக்கட்டும்.

இரண்டு, உலோகம். 22 கேரட் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், 18 கேரட் 750, 14 கேரட் 585. 2025 ஜூலையில் 9 கேரட்டும், அதாவது 375 பங்கு தங்கமும், ஹால்மார்க் பட்டியலில் சேர்ந்தது. நமக்கு 22 கேரட்தான் பழக்கம். ஆனால் மெல்லிய தகட்டுக்கும் வெட்டெழுத்துக்கும் அது மிருது, வளைந்துவிடும். நான் 18 கேரட் எடுத்தேன். பிளேட்டட் என்றால் மேலே இருக்கும் தங்கத்தை மைக்ரான் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் கனமே சுமார் எழுபது மைக்ரான். ஒரு மைக்ரான் பூச்சு தினசரி உபயோகத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதை வாங்கக் கூடாது என்பதில்லை. கவரிங் விலைக்குக் கவரிங் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மூன்று, ஹால்மார்க். தண்டவாளத்தின் பக்கவாட்டில் எந்த ஆலை, எந்த மாதம், எந்த வருடம் என்று உருட்டும்போதே முத்திரை விழுந்திருக்கும். அதைப் பார்க்காமல் நாங்கள் தொட மாட்டோம். தங்கத்துக்கும் அதேபோல் மூன்று அடையாளங்கள்: பி.ஐ.எஸ். முத்திரை, தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. இந்த ஆறு இலக்கம் 2021 ஜூலையில் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை என்றால் அது இருந்தே ஆக வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், நகையின் தரம், அது மோதிரமா டாலரா, எந்த மையத்தில் சோதித்தது எல்லாம் வரும். கையில் டாலர் இருக்க, செயலி மோதிரம் என்று சொன்னால் உஷாராகிவிடுங்கள். இன்னொன்று, இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாய ஹால்மார்க் கிடையாது. பெயர் டாலர்கள் பல இந்த எடைக்குள்தான் வருகின்றன. ஆகவே நான் மூன்று கிராமுக்குச் சற்று மேலேயே செய்யச் சொன்னேன். முத்திரைக்குப் பின்பக்கத்தில் இடம் விடவும் சொன்னேன்.

நான்கு, அளவு. செயின் நீளத்தை நூலைக் கழுத்தில் போட்டுப் பார்த்து, ஸ்கேலில் அளந்து சொல்லுங்கள். மோதிரத்துக்கு, மெல்லிய காகிதப் பட்டையை விரலில் சுற்றிக் குறித்து, நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து 3.14-ஆல் வகுத்தால் உள்விட்டம் கிடைக்கும். மாலையில் அளக்க வேண்டும். குளிர்ந்த காலையில் விரல் சிறுத்திருக்கும். நம் நாக்பூர் வெயிலுக்கும் குளிருக்கும் விரலே வேறு வேறு அளவு காட்டும். மொளி பெரியதாக இருந்தால் அங்கேயும் அளந்துகொள்ளுங்கள். பெயர் பொறித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்கினால் எழுத்து இழுபடும்.

ஐந்து, ரசீது. நிகர எடை, கல் எடை, தரம், அன்றைய விலை, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். மூன்று கிராம் 18 கேரட் நகையில் சுத்தத் தங்கம் 2.25 கிராம்தான். இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுவிட்டு விலையைப் பாருங்கள்.

பெட்டி வந்ததும்

பிரிக்கும் முன் முத்திரை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் வாங்காதீர்கள். பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். பிறகு பேச்சுக்கு இடமிருக்காது. எழுத்து, எடை, முத்திரை மூன்றையும் அன்றே சரிபாருங்கள். தெருமுனை நகைக்கடையில் எடை போட்டுப் பார்க்கலாம். தரத்தில் சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குறிப்பிட்டதைவிடத் தரம் குறைவு என்று நிரூபணமானால், அந்தக் குறைவுக்குரிய தொகையைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன.

பராமரிப்பு

எங்கள் இலாகாவில் புதுப்பாதை போடுவதைவிடப் போட்ட பாதையைப் பேணுவதுதான் பெரிய வேலை. நகையும் அப்படித்தான்.

தங்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத்திரவம் விட்டு, குழந்தைகளின் மிருதுவான பல்துலக்கியால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். நம் பாட்டிமார்கள் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் கழுவியதும் இதே வேலைதான். பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள்; அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி, பொறித்த எழுத்தைத் தேய்த்துவிடும். அடிக்கடி பாலிஷ் போடக் கொடுப்பதும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் எழுத்தின் ஆழம் கொஞ்சம் குறையும். பிளேட்டட் நகைக்குப் புளி, எலுமிச்சை எதுவும் ஆகாது. மெத்தென்ற துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீச்சல் குளத்துக் குளோரினும், தரை கழுவும் பிளீச்சிங் பவுடரும் குறைந்த கேரட் தங்கத்துக்குப் பகை. நாளடைவில் வெடிப்பு விழும். சென்ட், தலைக்கு எண்ணெய், பவுடர் எல்லாம் முடிந்தபின் கடைசியாக நகையைப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்ற வேண்டும். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு என்பதால், வெள்ளியை அதில் கட்டிவைக்காதீர்கள். காற்றுப் புகாத சின்னப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டோடு வைத்தால் ஈரம் அண்டாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொக்கியையும், டாலரைச் செயினோடு சேர்க்கும் வளையத்தையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நகை தொலைவது பெரும்பாலும் தேய்ந்த வளையத்தால்தான். குழந்தை தூங்கும்போது செயினைக் கழற்றிவிடுங்கள். பெயர் தெரியும் டாலரை ரயில் பயணத்திலும் கூட்டத்திலும் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை சட்டென்று நம்பிவிடும். ரசீது, எச்.யு.ஐ.டி. எண், நகையின் இருபக்கப் படம் மூன்றையும் ஒரே இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

புதிய டாலர் 2024 தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. முட்டை வடிவத் தகட்டில் சாய்ந்த 'ப', உருண்டையான புள்ளி எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன. கையில் வாங்கியதும் அவள் முதலில் தேடியது புள்ளியைத்தான். "இருக்கு தாத்தா!" என்றாள். ஆண்டு விழாவில் வாழ்த்து மடல் எழுதும் மேஜையில் தன் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு சிறுமியிடம் உன் பெயரில் எங்கே புள்ளி வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஓர் உறுப்பினர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கோ பேரனுக்கோ பெயர் பொறித்த நகை வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்தப் பெயரைத் தமிழில் எழுத அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நகையில் தப்பு வந்தால் முதலில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். என் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.